பள்ளிக் கட்டட டெண்டரில் கார்பன் வரம்பு: எப்படி எழுதினால் நிற்கும்?

நகராட்சி_ஏஇ:

வணக்கம். நகராட்சிப் பள்ளிக்கு ஜி+2 வகுப்பறைக் கட்டடம், மொத்தப் பரப்பு 1,200 ச.மீ. எஸ்டிமேட் தயாரிக்கும் நிலையில் இருக்கிறது. கான்கிரீட் எம்25 (வலிமைத் தரம்), சுமார் 400 கனமீட்டர். கம்பி சுமார் 40 டன். ரெடிமிக்ஸ் ஆலை 18 கி.மீ. தூரத்தில். கடற்கரை இல்லை, ஐ.எஸ். 456 (இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பு) கணக்கில் மிதமான சூழல்.

கட்டுமானப் பொருள்களின் கார்பனைக் குறைக்கும் விதமாக டெண்டர் நிபந்தனை சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வந்திருக்கிறது. "பசுமை சிமென்ட் பயன்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போக விருப்பமில்லை. மூன்று கேள்விகள்:

1. எந்த எண்ணை, எந்த அலகில் வரம்பாக வைப்பது?
2. குறிப்பிட்ட ஆலைக்குச் சாதகமாக எழுதியதாகத் தணிக்கையில் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?
3. சைட்டில் எங்கே சிக்கல் வரும்?

கலவைக்கட்டு:

முதலில் கணக்கு. ஒரு டன் கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் சிமென்ட்டின் மூலக்கட்டி) எரித்தால் ஏறக்குறைய 0.85 டன் கார்பன்-டை-ஆக்சைடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு சுண்ணாம்புக்கல் உடைவதில் வருவது. சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அது போகாது. ஆகவே டெண்டர் எழுதுபவர் கையில் இருக்கும் ஒரே பெரிய பிடி, கனமீட்டருக்கு எத்தனை கிலோ கிளிங்கர் போகிறது என்பதுதான்.

உங்கள் எம்25-க்கு மூன்று கலவைகளை ஒப்பிடுகிறேன். ஓ.பி.சி.யை (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) கிட்டத்தட்ட முழுக் கிளிங்கராகவே எடுத்துக் கிலோவுக்கு 0.85 கிலோ போட்டிருக்கிறேன், ஃப்ளை ஆஷுக்கு (அனல்மின் நிலையச் சாம்பல்) பூஜ்யம், ஜி.ஜி.பி.எஸ். எனும் அரைத்த ஊதுலைக் கசடுக்கு 0.08.

ஓ.பி.சி. மட்டும் 350 கிலோ: கனமீட்டருக்கு 298 கிலோ கார்பன்.
ஓ.பி.சி. 270 + ஃப்ளை ஆஷ் 115: 230 கிலோ.
ஓ.பி.சி. 180 + ஜி.ஜி.பி.எஸ். 180: 167 கிலோ.

இரண்டாவதில் மொத்தத் தூள் (சிமென்ட்டும் சாம்பலும் சேர்த்து) 385 ஆகியிருப்பதைக் கவனியுங்கள். ஃப்ளை ஆஷ் சேர்த்தால் சுமார் 10% கூட்டித் தொடங்குவது கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262-இன் மாதிரிக் கணக்கிலேயே உள்ள வழி. "30% சாம்பல், 30% கார்பன் மிச்சம்" என்று சிலர் எழுதுவது தவறு. உண்மையில் மிச்சம் 23% சொச்சம்தான்.

400 கனமீட்டருக்கு முறையே 119, 92, 67 டன். ஜல்லி, மணல், ஆலை மின்சாரம் சேர்த்தால் கனமீட்டருக்கு இன்னும் பதினைந்து இருபது கிலோ கூடும், அவ்வளவுதான்.

இதற்கு முன் ஒன்று. எஸ்டிமேட்டில் எங்காவது 1:1½:3 என்று நாமினல் மிக்ஸ் (சிமென்ட், மணல், ஜல்லிக்கு நிலையான விகிதம்) இருக்கிறதா பாருங்கள். லிண்டல், சன்ஷேட், படிக்கட்டு ஐட்டங்களில் பழைய வரிகள் அப்படியே காப்பியாகி வரும். அது கனமீட்டருக்கு 8 மூட்டை, 400 கிலோ. ஐ.எஸ். 456 மிதமான சூழலுக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தூள் 300 கிலோ, அதிகபட்ச நீர்-சிமென்ட் விகிதம் 0.50. அதற்கு உட்பட்டு டிசைன் மிக்ஸ் (வலிமைக்கேற்பக் கணக்கிட்ட கலவை) போட்டாலே எந்தப் புதுப் பொருளும் இல்லாமல் கணிசமாகக் குறையும், காசும் மிச்சம். கார்பன் வரம்பு எழுதுவதற்கு முன் அந்த வரிகளை நீக்குங்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை 50% ஜி.ஜி.பி.எஸ். கசடு பல்லாரியிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ வருகிறதே, லாரிப் புகை எல்லாவற்றையும் தின்றுவிடாதா என்று கேட்பார்கள். டன்-கி.மீ.க்கு 100 கிராம் என்று வைத்தால் 600 கி.மீ.க்கு 60 கிலோ. ஒரு டன் ஓ.பி.சி.யை மாற்றுவதில் மிச்சமாவது 770 கிலோ. தூரம் இங்கே பொருட்டே இல்லை.

எம்புக்:

கலவைக்கட்டு சாரின் கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவில் உருவாகும் ஊதுலைக் கசடு ஏறக்குறைய முழுவதும் ஏற்கெனவே சிமென்ட் ஆலைகளுக்கும் ரெடிமிக்ஸுக்கும் போய்விடுகிறது. நீங்கள் டெண்டரில் 50% கட்டாயமாக்கினால் வேறொரு ஆலையின் பி.எஸ்.சி. (கசடு கலந்த சிமென்ட்) மூட்டைக்குப் போக வேண்டிய கசடு உங்கள் பள்ளிக்கு வரும். உங்கள் கோப்பில் 52 டன் குறையும், வானத்தில் குறையாது. ஃப்ளை ஆஷ் அப்படியல்ல. அனல்மின் நிலையக் குளங்களில் இன்னும் குவிந்து கிடக்கிறது. அதை எடுத்தால் உண்மையிலேயே அந்த அளவு கிளிங்கர் எரிக்கப்படாது. அரசுக் கொள்கை என்ற வகையில் பார்த்தால் 230 கிலோ கலவைதான் 167 கிலோ கலவையைவிட நேர்மையானது.

இன்னொரு பக்கம்: ஒப்பீட்டுக்கு ஓ.பி.சி. 350-ஐ அடிப்படையாக வைப்பதே கேள்விக்குரியது. கடையில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பங்கு ஏற்கெனவே பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்), பி.எஸ்.சி. வகைதான். வீடு கட்டுபவர் எந்த நிபந்தனையும் இல்லாமலே அதைத்தான் வாங்குகிறார். ஓ.பி.சி.யைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அரசு வேலையும் ரெடிமிக்ஸும். ஆகவே சேமிப்பை அறிக்கையில் காட்டும்போது, உங்கள் அலுவலகத்தின் கடைசி சில வேலைகளில் உண்மையில் எவ்வளவு ஓ.பி.சி. போனது என்பதை ஆலையின் பேட்ச் சீட்டிலிருந்து (ஒவ்வொரு கலவையிலும் போன பொருள்களின் எடைச் சீட்டு) எடுத்து அதை அடிப்படையாக வையுங்கள்.

டெண்டர் மொழிக்கு வருகிறேன். மூன்று விதி:

பிராண்ட் வேண்டாம், "பசுமை" என்ற சொல்லும் வேண்டாம். எதை எழுதினாலும் ஐ.எஸ். எண்ணோடு எழுதுங்கள். பி.பி.சி. என்றால் ஐ.எஸ். 1489 பகுதி 1, பி.எஸ்.சி. என்றால் ஐ.எஸ். 455, கலவைச் சிமென்ட் என்றால் ஐ.எஸ். 16415, எல்.சி.3 (சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமென்ட்) என்றால் ஐ.எஸ். 18189:2023, தனியாகச் சேர்க்கும் ஃப்ளை ஆஷுக்கு ஐ.எஸ். 3812 பகுதி 1, கசடுக்கு ஐ.எஸ். 16714. இவற்றில் எதுவும் ஏற்கப்படும், வரம்புக்குள் வந்தால் போதும் என்று எழுதினால் ஒரு ஆலைக்கு வளைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

மதிப்பீட்டு அளவுகோல் டெண்டர் ஆவணத்திலேயே, அளக்கக்கூடிய எண்ணாக இருக்க வேண்டும். விலைப்புள்ளி திறந்த பிறகு "இவருடைய சிமென்ட் கார்பன் குறைவு" என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் தமிழ்நாட்டின் 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் அங்கேயே விழும். சிறிய வேலைக்கு எளிய வழி, கார்பனை மதிப்பெண்ணாக வைக்காமல் தகுதி வரம்பாக வைப்பது: உள்ளே வந்தால் சரி, அதற்குப் பிறகு குறைந்த விலை.

கணக்குக் காரணிகளை நீங்களே அட்டவணையாகக் கொடுங்கள். ஒப்பந்ததாரரிடம் விட்டால் ஆளுக்கொரு எண் வரும். மூன்றாம் தரப்பு சரிபார்த்த இ.பி.டி. (பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிவிப்பு) யாரிடமாவது இருந்தால் அந்த எண்ணை ஏற்கலாம், இல்லையென்றால் அட்டவணை எண்.

மாதிரி வாசகம்:

"எம்25 கான்கிரீட்: மூலப்பொருள் முதல் சிமென்ட் ஆலை மற்றும் கலவை ஆலை வாயில் வரை, கனமீட்டருக்கு 250 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு சமானத்துக்கு மிகக்கூடாது, இணைப்பு அட்டவணையின் காரணிகளைக் கொண்டு கணக்கிட வேண்டும். மாற்றாக, கனமீட்டருக்கு ஓ.பி.சி. 280 கிலோவுக்கு மிகாத கலவையும் ஏற்கப்படும். கலவையில் எஞ்சிய தூள் ஐ.எஸ். 456 பிரிவு 5.2-க்கு உட்பட்டிருக்க வேண்டும்."

"மாற்றாக" என்ற அந்த வாக்கியம் சின்ன ரெடிமிக்ஸ் ஆலைக்காக. அவர்களால் கார்பன் கணக்குப் போட முடியாது, ஆனால் பேட்ச் சீட்டில் ஓ.பி.சி. எத்தனை கிலோ என்று காட்ட முடியும்.

விலைப்பட்டியலில் இல்லாத ஐட்டம் என்றால் ரேட் அனாலிசிஸ் போட்டு ஒப்புதல் வாங்க நாளாகும். ஆகவே புது ஐட்டம் உருவாக்காமல், இருக்கும் எம்25 ரெடிமிக்ஸ் ஐட்டத்துக்குத் தொழில்நுட்பக் குறிப்பாக இதைச் சேருங்கள்.

நகராட்சி_ஏஇ:

நன்றி. பி.பி.சி. வாங்கி அதில் ரெடிமிக்ஸ்காரர் மேலும் ஃப்ளை ஆஷ் போட்டால்? வரம்புக்குள் இன்னும் எளிதாக வந்துவிடுவாரே. சைட் பிரச்சினைகளையும் யாராவது சொல்லுங்கள்.

கலவைக்கட்டு:

அதுதான் முதல் ஓட்டை. பி.பி.சி.யில் ஆலையிலேயே 15 முதல் 35% வரை சாம்பல் இருக்கும். அதன் மேல் இன்னொரு 30% போட்டால் பாதிக்கும் மேல்கூடச் சாம்பலாகிவிடலாம். ஐ.எஸ். 456 சாம்பலைச் சிமென்ட் கணக்கில் எடுத்துக்கொள்வதே ஐ.எஸ். 1489-இன் உச்சவரம்பான 35% வரைதான். "கலவை ஆலையில் ஃப்ளை ஆஷ் அல்லது கசடு சேர்ப்பதென்றால் ஓ.பி.சி.யுடன் மட்டுமே" என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். பி.பி.சி. வந்தால் அந்த வார உற்பத்திக்கான ஆலைச் சோதனைச் சான்றிதழில் சாம்பல் சதவீதம் போட்டிருக்கும், அதைக் கோப்பில் வையுங்கள்.

நெய்வேலிச் சாம்பல் வந்தால் தனியாகக் கேளுங்கள். அது பழுப்பு நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு அதிகம். மேட்டூர், வடசென்னைச் சாம்பல் போல நடந்துகொள்ளாது. ஐ.எஸ். 3812 இரண்டையும் தனி வகையாகவே வைத்திருக்கிறது. கெட்டது என்று சொல்லவில்லை. ஒன்றுக்கு ட்ரையல் மிக்ஸ் போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டு மற்றொன்றைக் கொண்டுவரக் கூடாது, அவ்வளவே.

சைட்டில் வரிசையாக நடப்பது இது:

ஏழாம் நாள் க்யூப் (வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் கட்டி) உடைத்ததும் பதற்றம். ஓ.பி.சி. கலவை ஏழு நாளில் 28 நாள் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு காட்டும் பழக்கத்தில் இருப்பவருக்கு, சாம்பல் கலவை பாதிக்குச் சற்று மேல் காட்டினால் தோல்வியாகத் தெரியும். உடனே "ஒரு மூட்டை கூட்டு" என்பார்கள். கார்பன் கணக்கு அங்கேயே போச்சு. ட்ரையல் மிக்ஸில் 3, 7, 28, 56 நாள் க்யூப் உடைத்து அந்தக் கலவைக்கான வளர்ச்சிக் கோட்டை முன்பே கோப்பில் வைத்திருந்தால் ஏழாம் நாள் எண்ணை அதோடு ஒப்பிடலாம்.

அடுத்தது சென்ட்ரிங் பிரிப்பு. ஐ.எஸ். 456 பிரிவு 11.3-இல் இருக்கும் நாள் கணக்கு ஓ.பி.சி.க்கானது. 4.5 மீட்டர் வரை ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள் என்பதை அப்படியே சாம்பல் கலவைக்குப் பொருத்தினால் ஸ்லாப் தொய்யும், பிறகு மயிரிழை விரிசல். அதே பிரிவு பிற சிமென்ட்டுக்கு நாள் கணக்கை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. நாள் கணக்கைவிட வலிமையை வைத்துப் பிரிப்பது பாதுகாப்பு: ஸ்லாபின் மேலேயே, ஸ்லாபைப் போலவே க்யூரிங் செய்த மூன்று க்யூப், பிரிக்கும்போது வரும் அழுத்தத்தின் இரண்டு மடங்கை அது தாங்கினால் பிரிக்கலாம். ஒப்பந்ததாரரிடம் ஒரு செட் சென்ட்ரிங் தகடுதான் இருக்கும், அது அடுத்த மாடிக்கு வேண்டும். ஆகவே கால அட்டவணையில் ஸ்லாப் ஒன்றுக்கு நான்கைந்து நாள் கூட்டிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் வரம்பு மட்டும் வைப்பது ஏமாற்று வேலை.

க்யூரிங்: ஓ.பி.சி.க்கு 7 நாள், சாம்பலோ கசடோ இருந்தால் குறைந்தது 10, பரிந்துரை 14. நம் வெயிலுக்கு 14-ஐயே எழுதுங்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பதை நான்காம் நாளே விடுவார்கள். சாம்பல் கலவையில் அதன் விலை அதிகம். மேற்பரப்பு காய்ந்தால் வினை நின்றுவிடும், கார்பனேற்றம் (காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடு கான்கிரீட்டோடு வினைபுரிவது) வேகமாக உள்ளே போய்க் கம்பியைத் தொடும். பதினைந்து வருடத்தில் கம்பி துருப்பிடித்து உடைத்துக் கட்டுகிற கட்டடத்துக்கு எந்தக் கார்பன் மிச்சமும் இல்லை. கான்கிரீட் ஐட்டத்தின் தொகையில் ஒரு பங்கை, பதினான்கு நாள் க்யூரிங் பதிவு எம்-புக்கில் (வேலை அளவுப் பதிவேடு) ஏறிய பிறகே விடுவிப்பதாக எழுதினால் தண்ணீர் தானாக வரும்.

எம்-சாண்டில் தூசி கூடினால் கலவை தண்ணீர் கேட்கும். ஐ.எஸ். 383 நொறுக்கு மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே 15% வரை விடுகிறது. அந்த உச்சவரம்பை ஒட்டிய மணலோடு தூள் கூடுதலான கலவை பிசுபிசுப்பாகும், பம்ப் ஆபரேட்டர் தண்ணீர் ஹோஸைத் திறந்துவிடுவார். சைட்டில் நீர் சேர்க்கக் கூடாது, தேவைப்பட்டால் ஆலை ஆள் முன்னிலையில் பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் ரசாயனம்) மட்டும்.

எம்புக் சார் சொன்ன கசடு வாதத்தை ஏற்கிறேன், ஒரு இடம் தவிர. உப்பு, சல்பேட் உள்ள மண்ணில் அஸ்திவாரத்துக்குக் கசடு ஆயுளுக்காகவே தேவை. அங்கே கார்பனைப் பார்த்துத் தவிர்க்க வேண்டாம். இந்த வேலைக்கு அது பொருந்தாது.

சான்ஹோசே:

கலிஃபோர்னியாவில் இதே வேலையை மாநிலச் சட்டமாகவே செய்தார்கள், அதிலிருந்து இரண்டு விஷயம். "பை க்ளீன் கலிஃபோர்னியா" சட்டம் 2017-இல் வந்தது. அரசு வேலைகளில் கட்டமைப்பு எஃகு, கான்கிரீட் கம்பி, தட்டைக் கண்ணாடி, கனிமக் கம்பளி இந்த நான்குக்கும் உச்சவரம்பு. எடுத்த எடுப்பில் வரம்பு வைக்கவில்லை; ஆலைகளின் இ.பி.டி. வாங்கி, தொழில்துறைச் சராசரியைப் பார்த்து எண்ணை முடிவு செய்து, 2022 ஜூலையில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

கம்பிக்கு அப்போது வைத்த வரம்பு டன்னுக்கு 0.89 டன். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் கம்பி கிட்டத்தட்ட முழுவதும் பழைய இரும்பை மின் உலையில் உருக்கி வருவது, உள்ளூர் ஆலைகளுக்கு அது பெரிய சுமையே இல்லை. அந்த எண்ணை இந்தியாவுக்குக் காப்பியடித்தால் நிலக்கரியில் தயாரான கடற்பஞ்சு இரும்பை (ஸ்பாஞ்ச் அயர்ன்) உருக்கும் எந்த ஆலையும் உள்ளே வராது, டெண்டரே விழும்.

கான்கிரீட் அந்தச் சட்டத்தில் இல்லை. அதுதான் அதன் பெரிய குறை. அதை உள்ளாட்சி பிடித்தது. 2019-இல் மரின் கவுண்டி தன் கட்டட விதியில் கான்கிரீட்டுக்கு வலிமை வாரியாக வரம்பு வைத்தது: சிமென்ட் கிலோ அல்லது கார்பன் கிலோ, இரண்டில் ஒன்றில் தேறினால் போதும். மேலே எம்புக் எழுதிய "மாற்றாக" வாக்கியமும் அதே அமைப்புதான்.

மதிப்பெண் முறைக்குப் போக நினைத்தால் நெதர்லாந்தைப் பாருங்கள். அங்கே சாலை, பாலப் பணிகளில் சுற்றுச்சூழல் பாதிப்பை யூரோவாக மாற்றி, குறைவாக வைத்தவருக்கு ஏலத் தொகையில் கற்பனைத் தள்ளுபடி கொடுக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு மட்டும்தான் தள்ளுபடி, பில் முழுத் தொகைக்கு. ஆனால் சரிபார்த்த தரவுக் களஞ்சியம் இல்லாமல் அது ஓடாது. ஒரு நகராட்சி தனியாகச் செய்யக்கூடியதல்ல.

எம்புக்:

கம்பியைப் பேச வைத்ததற்கு நன்றி; எல்லோரும் சிமென்ட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்தியக் கம்பிக்கு டன்னுக்கு 2.5 என்று வைத்தால் 40 டன்னுக்கு 100 டன் கார்பன். ஓ.பி.சி. கான்கிரீட் மொத்தமே 119 தான். ஏறக்குறைய சரிபாதி.

எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகு வகைப்பாட்டை வெளியிட்டது. ஒரு டன் முடிந்த எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பசுமை: 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6-க்குக் கீழே ஐந்து. சான்று தரும் பொறுப்பு அமைச்சகத்தின் கீழுள்ள என்.ஐ.எஸ்.எஸ்.டி. நிறுவனத்துக்கு. ஒரு வருடமே செல்லும். ஆக, அரசே வரையறுத்த அளவுகோல் கையில் இருக்கிறது. தணிக்கைக்கு இதைவிட உறுதியான பிடி கிடைக்காது.

மூன்று நட்சத்திரத்தில் உங்களுக்கு 12 டன் மிச்சம், ஐந்து நட்சத்திரத்தில் 36 டன். கான்கிரீட்டில் ஃப்ளை ஆஷ் தரும் 27 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் 40 டன் வேலைக்கு இப்போதே கட்டாயமாக்க வேண்டாம். சான்று ஆலைக்கு, பிராண்டுக்கு அல்ல. ஒரே பெயரில் பல ஊர் உருட்டு ஆலைகளிலிருந்து கம்பி வரும். பில்லட்டை (கம்பியாக உருட்டும் எஃகுக் கட்டி) வேறிடத்தில் வாங்கி உருட்டுவதும் உண்டு. கடைக்காரர் ஒரு சான்றைக் காட்டி வேறு ஆலைக் கம்பியை இறக்கினால் உங்களால் பிடிக்க முடிவது ஆலைச் சோதனைச் சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணையும் (ஒரு முறை உருக்கிய தொகுதியின் எண்) ஆலை முகவரியையும் வைத்துத்தான். இந்த டெண்டரில் "நட்சத்திரச் சான்று இருந்தால் சமர்ப்பிக்கவும், இல்லையெனில் எஃகு தயாரிப்பு வழியையும் ஆலையையும் அறிவிக்கவும்" என்று மட்டும் எழுதுங்கள். நாலைந்து டெண்டரில் அந்தத் தகவல் சேர்ந்தால் வரம்பு வைக்கலாம்.

கம்பியின் எடையைக் குறைக்க இன்னொரு வழி ஸ்ட்ரக்சுரல் டிசைனிலேயே இருக்கிறது. எஃப்.இ. 500-டி தரக் கம்பிக்குப் பதில் வலிமை கூடிய 550-டி போட்டால் வலிமை தீர்மானிக்கும் இடங்களில் ஒன்பது சதவீதம் வரை குறையும். குறைந்தபட்சக் கம்பி விதி தீர்மானிக்கும் ஸ்லாபில் குறையாது.

சுவருக்கு வேறு கணக்கு. 2021 டிசம்பர் 31 சாம்பல் அறிவிக்கையின்படி, அனல்மின் நிலையத்திலிருந்து 300 கி.மீ.க்குள் நடக்கும் கட்டட வேலைகள் சாம்பல் செங்கல் முதலியவற்றைப் பயன்படுத்தியாக வேண்டும். மாற்றுப் பொருளைவிட விலை கூடாமல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. எண்ணூர், நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி நான்கிலிருந்தும் வட்டம் போட்டால் தமிழ்நாட்டில் வெளியே நிற்கும் ஊரைத் தேட வேண்டும். மீறினால் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு 75 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. உங்கள் 1,200 ச.மீ.க்கு ஒன்பதரை லட்சத்தைத் தாண்டும். சூளைச் செங்கல் வாங்குவதாக இருந்தால் அந்த வாரத்துச் சாம்பல் செங்கல், சூளைச் செங்கல் விலைப்புள்ளிகள் இரண்டையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடிபாட்டு ஜல்லியை (பழைய கான்கிரீட்டை உடைத்து எடுப்பது) பற்றிக் கேட்டால், ஐ.எஸ். 383 எம்25 வரையிலான ஆர்.சி.சி.யில் 20% வரை விடுகிறது. ஆனால் ஜல்லியின் கார்பன் சிறிது. குவாரிக்காகவும் குப்பைமேட்டுக்காகவும் செய்யலாம், கார்பன் பத்தியில் சேர்க்க வேண்டாம்.

நகராட்சி_ஏஇ:

எல்.சி.3-ஐ நேரடியாகக் கேட்டால் என்ன? மேலிடத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். 250 என்ற வரம்பை 28 நாளுக்குப் பதில் 56 நாள் வலிமையில் வைத்தால் இன்னும் இறக்கலாமா?

கலவைக்கட்டு:

எல்.சி.3 நல்ல பொருள். கிளிங்கர் பாதிதான், 30% சுட்ட களிமண், 15% சுண்ணாம்புக்கல், 5% ஜிப்சம். களிமண்ணை 700–850 டிகிரியில் சுட்டால் போதும், கிளிங்கருக்கு 1,450 வேண்டும். ஓ.பி.சி.யோடு ஒப்பிட்டால் 30–40% குறையும். சாம்பலும் கசடும் தீர்ந்துபோகும் காலத்துக்கு அதுதான் வழி. ஆனால் உங்கள் ஊர் ரெடிமிக்ஸ் ஆலைக்கு அது வேண்டிய நாளில் வேண்டிய டன் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டாயமாக்கினால் ஒரே சப்ளையர் டெண்டர் ஆகிவிடும். ஏற்கப்படும் வகைகளின் பட்டியலில் இருக்கட்டும். வந்தால் நீர்த்தேவை கூடும், பிளாஸ்டிசைசர் அளவு மாறும், நிறம் சற்றுச் செம்மையாக இருக்கலாம். தனி ட்ரையல் மிக்ஸ் இல்லாமல் ஏற்காதீர்கள்.

56 நாள் விஷயம்: ஐ.எஸ். 456-இன் அடிப்படை 28 நாள் வலிமைதான்; வயதால் கூடும் வலிமையைக் கணக்கில் எடுக்க அந்தக் கட்டடத்துக்கான ஆதாரம் வேண்டும். ஸ்லாபுக்கும் பீமுக்கும் வேண்டாம், சென்ட்ரிங் பிரித்ததுமே மேல் மாடி முட்டு அதன் மேல்தான் நிற்கும். ஃபூட்டிங்குக்குக் கேட்கலாம், முழுப் பாரம் ஏற மாதக்கணக்கில் ஆகும். ஸ்ட்ரக்சுரல் டிசைனர் எழுத்தில் ஒப்புக்கொண்டு, ட்ரையல் மிக்ஸில் 56 நாள் எண் கையில் இருந்தால் ஃபூட்டிங்குக்கு மட்டும் தனி வரம்பாக 220 வைத்துப் பாருங்கள். 28 நாள் க்யூபையும் கட்டாயம் உடையுங்கள், அது கண்காணிப்புக்கு.